மாப்பிள்ளை சூப்பர் கண்டக்டராம்

தேனியிலருந்து உத்தமபாளையத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனேன். வேலை லேசுதான். காப்பியக் குடிக்கணும், தலையாட்டணும், திரும்பி வரணும்.

"மகளுக்குப் பையனப் புடிச்சுப்போச்சு. வாயக் குடுத்துக் கெடுத்துறாதீக"ன்னு வீட்டுக்காரி சொல்லித்தான் அனுப்புனா. பையன் பெங்களூர்ல ஏதோ சூப்பர் கண்டக்டராம்.

எனக்குச் சுருக்குன்னுச்சு.

கண்டக்டருன்னாலே எனக்கு ஆகாது. ஒரு தடவ சின்னமனூர்ல இறங்கணும்னு கத்துறேன், விசிலே அடிக்காம உத்தமபாளையத்துல கொண்டாந்து விட்டாரு ஒரு மகராசன். அவரு இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பாரு. நான் மறக்கல. இதுல சூப்பர் கண்டக்டரு வேறயா?

பையனோட அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வாசலுக்கே வந்து கூட்டிட்டுப் போனாக. காப்பி வந்துச்சு. குடிச்சுட்டு எந்திரிச்சிருக்கலாம்.

"தம்பி, ஸ்டாப்பிங்ல நிறுத்துவீகளா?"ன்னு கேட்டேன்.

பையன் கொஞ்சம் முழிச்சான். "சூப்பர் கண்டக்டர்ல நிக்கிற பேச்சே இல்ல மாமா. கிளம்புனா ஓடிக்கிட்டேதான் இருக்கும்"னான்.

எப்படி இருக்கும் எனக்கு? சின்னமனூர்க் கதைய ஆதியிலருந்து எடுத்து விட்டேன். அடுத்த வீட்டு ஆளுக சன்னல் வழியா எட்டிப் பார்த்தாக.

பையன் பொறுமையா விளக்குனான். சூப்பர் கண்டக்டருங்கறது ஆளு இல்லையாம், உலோகமாம். அதுல கரண்டு தடையில்லாம ஓடுமாம். அதுக்கு இந்தப் பக்கம் ஒரு காந்தம், நடுவுல மெலிசா ஒரு சுவரு. எலக்ட்ரான் அந்தச் சுவர ஏறிக் குதிக்கவும் செய்யாது, ஓட்டை போடவும் செய்யாது, அந்தப் பக்கம் போயிருமாம். அது எப்படிப் போகுதுன்னு பார்க்கிறதுதான் தம்பிக்கு வேலை.

காந்தமும் புது தினுசாம். உள்ளுக்குள்ள காந்தந்தான், ஆனா ஒரு ஆணியக்கூட இழுக்காதாம்.

இங்கனயாச்சும் நான் தலையாட்டியிருக்கணும்.

"ஆணிய இழுக்காத காந்தம், ஓட்டையில்லாத சுவரு. இதப் பார்க்கவா தம்பி சம்பளம் குடுக்குறாக?"ன்னுட்டேன்.

வாத்தியாருக்கு மொகம் செவந்துபோச்சு. துண்டால வாயப் பொத்திக்கிட்டு விறுவிறுன்னு உள்ள போயிக் கதவச் சாத்திட்டாக. பையன் தரையப் பார்த்தான். சம்பந்தம் முறிஞ்சதுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா மகள் எங்கூடப் பேசல. வீட்டுக்காரி பேசுனா. அத இங்கன எழுத முடியாது.

சாயந்தரம் வாத்தியாரே போன் பண்ணுனாக. அவுகளுக்குப் பரிபூரண சம்மதமாம். உள்ள போனது கோவத்துல இல்லையாம், சிரிப்ப அடக்க முடியலையாம். அவுக வீட்ல எல்லாரும் படிச்சுப் படிச்சு உம்முன்னு இருக்காகளாம், இப்படி ஒரு சம்பந்திதான் வேணுமாம்.

நல்லது. கல்யாணம் நடக்கட்டும்.

ஆனா கதவச் சாத்திக்கிட்டுச் சிரிச்சாக பாருங்க, அத நான் மறக்க மாட்டேன்.