எண்பத்தைந்தாரும் பருத்தி மூட்டையும்

உலகத்தில் முடிவெடுத்துக் கெட்டவர்கள் ஏராளம். முடிவெடுக்காமல் கெட்டவர் ஒருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம். இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்து, அதிலிருந்து ஒரு நாளும் பிசகாமல் வாழ்ந்து காட்டியவர் சுங்க அலுவலகத்தின் துணிப் பிரிவு மதிப்பீட்டாளர். இத்தனை வருடப் பணியில் அவருடைய ஒரு முடிவைக்கூட எந்த மேல்முறையீட்டிலும் யாரும் தள்ளுபடி செய்ததில்லை. எடுத்தால்தானே தள்ள முடியும்?

அலுவலகத்தில் அவருக்கு 'எண்பத்தைந்தார்' என்று பெயர். காரணம், விதிப்புத்தகம். வெளிநாட்டிலிருந்து வரும் நெய்த துணியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு பருத்தி இருந்தால் அது 'பருத்தித் துணி'. ஓர் இழை குறைந்தாலும் 'கலப்புத் துணி'. இரண்டுக்கும் வேறு வேறு வரி. மற்றவர்களுக்கு எண்பத்தைந்து ஓர் எண். அவருக்கு அது ஒரு மதில். அதன்மேல் பூனையாக உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் சமமாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நேர்மை என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவரின் மேசைக்குத்தான் அந்த மூட்டை வந்து சேர்ந்தது. தையற்கடை நடத்தும் ஓர் அம்மாள் கப்பலில் வரவழைத்த சாம்பல் நிறத் துணி. கூடவே வந்த சீட்டில் 'பருத்தி 85, பாலியெஸ்டர் 15' என்று இருந்தது.

"சரியா எண்பத்தஞ்சா?" என்று மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார் எண்பத்தைந்தார்.

"ஆமா சார். அதுலயே போட்டிருக்கே" என்றார் மூட்டையோடு வந்திருந்த அம்மாள்.

"அதான் சந்தேகமா இருக்கு. எண்பத்தாறுன்னா கண்ணை மூடிக்கிட்டு விட்டுடலாம். எண்பத்துநாலுன்னா கண்ணைத் திறந்துக்கிட்டுப் பிடிச்சுடலாம். எண்பத்தஞ்சுன்னா என்ன அர்த்தம்? என்னை ஆழம் பாக்கறாங்கன்னு அர்த்தம்."

"சார், இது உங்க ஆபீஸ் சீருடைக்கு வந்த துணி. நீங்கள்லாம் போட்டுக்கத்தான்."

"அப்படின்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்மா. சொந்தத் துணின்னு சலுகை காட்டிட்டான்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது பாருங்க."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மாடியில் ஒரு பெரிய நாற்காலி காலியாக இருந்தது. தலைமை அதிகாரி பார்வையிட வருகிற அன்று, யார் புதுச் சீருடையில் 'கண்ணியமாக' நிற்கிறாரோ அவருக்கே அந்த நாற்காலி என்று சுற்றறிக்கை வந்திருந்தது. எண்பத்தைந்தார் அந்த நாற்காலிக்காக உள்ளுக்குள் ஏங்கினார். அவருடைய பழைய கால்சட்டையோ, முடிவெடுக்காமல் உட்கார்ந்து உட்கார்ந்தே பின்பக்கம் வலையாகிப் போயிருந்தது. நாற்காலி வேண்டுமானால் புதுச் சீருடை வேண்டும். சீருடை வேண்டுமானால் மூட்டையை விட வேண்டும். மூட்டையை விட அவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

சொந்த ஆசைக்காகக் கொள்கையை விட்டுக்கொடுப்பாரா? கைக்குட்டை அளவில் ஒரு மாதிரி வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே அதன் ஒரு மூலையைக் கத்தரித்து அமிலத்தில் போட்டார்கள். பருத்தி கரைந்தது, பாலியெஸ்டர் நின்றது. கணக்குப் போட்டதில் பருத்தி எண்பத்தைந்தே கால். இன்னொருவராயிருந்தால் அதோடு மூட்டையை விட்டிருப்பார். இவர் இரண்டாவது மாதிரி அனுப்பினார். எண்பத்துநாலே முக்கால் என்று வந்தது. எண்பத்தைந்தாரின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? அவசரப்பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

சோதித்த துண்டை உரியவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று விதி. எனவே அம்மாளின் துணி அம்மாளுக்கே வந்துகொண்டிருந்தது, துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் 'முடிவு நிலுவையில்' என்று கொட்டை எழுத்தில் முத்திரை, கீழே எண்பத்தைந்தாரின் கையெழுத்து. எந்தப் பாவியும் அழித்துத் திருத்திவிடக் கூடாதே என்று அழியாத மையை அவரே தேடி வாங்கியிருந்தார்.

பிறகு உயர்மட்டக் கூட்டம் கூடியது. அதாவது எண்பத்தைந்தார், ஆய்வகத்துக்காரர், கிடங்குக்காரர்.

"மழை நாள்ல பருத்தி ஈரத்தை இழுத்துக்கும், எடை கூடும். எடை கூடினா பருத்திப் பங்கும் கூடிக் காட்டும்" என்றார் ஆய்வகத்துக்காரர்.

"அப்ப வெயில் வரட்டும்."

"வெயில்ல காஞ்சு எடை குறைஞ்சிடுமே!"

"சரி, மழையும் இல்லாம வெயிலும் இல்லாம ஒரு நாள் பாருங்க" என்று ஆணையிட்டார் எண்பத்தைந்தார். அப்படி ஒரு நாள் அமையும்வரை மூட்டையின் ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் மாதிரி எடுத்துக்கொண்டே இருப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

வீட்டில் அவர் மனைவி கால்சட்டையை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

"துணியை அங்க பூட்டி வெச்சுக்கிட்டு, ஊசியை என் கையில குடுக்கறீங்களே, இது எந்த ஊரு நியாயங்க?"

"உனக்குப் புரியாது. இது கொள்கை."

"கொள்கை கிழியாம இருக்கலாம். இது கிழிஞ்சாச்சு. இனிமே ஊசி குத்தக்கூட இதுல இடமில்ல."

தலைமை அதிகாரி வருவதற்கு முந்தின நாள் கிடங்குக்காரர் வந்து தலையைச் சொறிந்தார். "மூட்டையில இனி ஒண்ணும் இல்ல சார். மேல சுத்தின சாக்குதான் பாக்கி. அதுலயும் மாதிரி வெட்டணுமா?"

எண்பத்தைந்தார் எழுந்துவிட்டார். "சாக்கு சணல்ப்பா. அது என் பிரிவு இல்ல" என்று கௌரவமாகச் சொல்லிவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு தையற்கடைக்கு ஓடினார்.

கடையில் மெஷின்கள் உறை மாட்டி வரிசையாக நின்றன. தைக்கிற பெண்களை வேலை இல்லையென்று வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. எண்பத்தைந்தார் இதையெல்லாம் கவனிக்கவில்லை. கண்ணாடியில் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு மட்டும் ஒரே ஒரு பேன்ட். இப்பவே வேணும்."

"துணி?"

"உங்ககிட்ட இருக்குமே..."

"இருக்கு சார். நீங்க திருப்பிக் குடுத்ததுதான்."

அம்மாள் துண்டுகளை மேசையில் கொட்டினார். முத்திரை படாத ஓரங்களையெல்லாம் வெட்டி முன்பக்கத்துக்கு இணைத்தார். மிச்சத்தைப் பின்பக்கத்துக்குச் சேர்த்தார். தைத்து முடித்து, இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்ததும் நிறுத்தினார்.

"சார், சூடு எவ்வளவு வைக்கட்டும்? பருத்தின்னா நல்லா வைக்கலாம், சுருக்கம் போயிடும். கலப்புன்னா கம்மியா வைக்கணும், இல்லேன்னா தீஞ்சு பேன்டே போயிடும். இது எது?"

"பருத்திம்மா!"

"நிச்சயமாவா சார்?"

"தொட்டாலே தெரியலையா? சுத்தமான எண்பத்தஞ்சு! சீக்கிரம் தேயுங்க!"

அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நல்ல சூட்டில் அழுத்தித் தேய்த்தார். ஓர் இழைகூடத் தீயவில்லை. "முன்பக்கம் கச்சிதம் சார். பின்பக்கம் உங்க கைவரிசை, நான் குறை சொல்றதுக்கில்ல" என்று நீட்டினார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அதற்கும் கீழே இருப்பது எப்படித் தெரியும்? எண்பத்தைந்தார் முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் பூரித்துப் போனார்.

மறுநாள் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பழைய சீருடையில். அவர் ஒருவர்தான் புதுக் கால்சட்டையில்.

"ஒருத்தராவது கண்ணியமா வந்திருக்கீங்களே!" என்றார் தலைமை அதிகாரி. "வாங்க, மாடிக்கு வழி காட்டுங்க. உங்க நாற்காலியைப் பாத்துடலாம்."

எண்பத்தைந்தார் நெஞ்சை நிமிர்த்தி முன்னே படியேறினார். பின்னால் வந்த தலைமை அதிகாரி பாதிப் படியில் நின்றுவிட்டார். அவருடைய கண்ணுக்கு நேரே கொட்டை எழுத்து.

"'முடிவு நிலுவையில்'" என்று வாசித்தார். "இந்தப் பக்கமும் 'முடிவு நிலுவையில்'. இது யார் கையெழுத்து?"

எண்பத்தைந்தார் கையால் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. "என்னோடதுதான் ஐயா."

"இது என்ன துணி? பருத்தியா, கலப்பா?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதைப் பொறுத்தவரைக்கும், ஆய்வு முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு முரண்படறதால..."

"பருத்திதான் ஐயா!" என்று படிக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. சீருடை ஏன் வந்து சேரவில்லை என்று விளக்கம் கேட்டு வரவழைக்கப்பட்டிருந்த தையற்கடை அம்மாள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"சார்தான் ஐயா நேத்து சொன்னாரு, ஒரே மூச்சுல. என் கடைப் பொண்ணுங்க பொழப்பு அந்த மூட்டையில கெடந்தவரைக்கும் சார் கண்ணுக்குத் தெரியாத பருத்தி, தன்னோட பேன்ட் தீயப் போகுதுன்னதும் தொட்டாலே தெரிஞ்சிடுச்சு!"