எட்டு வரியும் ஒரு பாலமும்

கடிதத்தை ஆரம்பிக்க எந்த முரடனாலும் முடியும். அதை முடிக்கத் தெரிந்தவனே மனிதன். இந்த அளவுகோலின்படி, பீக்கிங்கில் பேரரசர் வீற்றிருந்த அந்நாளில், பூவுலக நாகரிகத்தின் உச்சி யூன்பெய் மாவட்டக் கச்சேரிதான். அங்கே அதிகாரி ஹான் அவர்கள் ஒரு கடிதத்தை முடிக்க ஆறு நாள் எடுத்துக்கொள்வார். விஷயத்தைச் சொல்ல அரை நாழிகை போதும் என்பது அவருடைய கொள்கை.

கச்சேரி எழுத்தர் ஷென் பாய்லின். நோயாளிக்கு 'குணம் பெருகுக', பயணம் போகிறவருக்கு 'வழி இனிதாகுக', ஆசிரியருக்கு 'அறம் தழைக்க' என்று ஆளுக்கும் பருவத்துக்கும் தக்கபடி நூற்று நாற்பது முடிவுரைகள் அவருக்கு மனப்பாடம். மகளுக்கு என்ன வயது என்று கேட்டால் மட்டும் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்.

யூன்பெய்க்கும் பக்கத்து ஷீகோ மாவட்டத்துக்கும் நடுவே ஆறு. ஆற்றின்மேல் பாலம். பாலத்தின் நடுவில், வசந்தகால வெள்ளத்துக்குப் பிறகு, ஒன்றுமில்லை. பாதிப் பாலம் ஹானுடையது, மறுபாதி ஷீகோ அதிகாரி தூவுடையது. தாம் முந்திக்கொண்டு வேலையைத் தொடங்கினால் எதிர்க்கரைக்காரரை அவமதித்ததாகுமே என்று இருவரும் அஞ்சினார்கள். ஆகவே 'தாங்களே தொடங்கியருள வேண்டும்' என்று மாறி மாறிக் கடிதம் எழுதினார்கள். தபால் பை கயிற்றில் தொங்கியபடி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது.

கடிதத்தாளில் மேலிருந்து கீழே ஓடும் எட்டு சிவப்பு வரிகள். அதற்குமேல் எழுதுவது பண்பல்ல. 'தாங்கள்' என்று வந்தால் மரியாதைக்காக அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரியின் உச்சிக்குப் போக வேண்டும். வந்த கடிதத்தில் ஒரு கும்பிடு இருந்தால் போகிற கடிதத்தில் இரண்டு. வசந்தத்தில் பாலத்துக்கு ஐந்து வரி கிடைத்தது. கோடையில் இரண்டு. இலையுதிர்காலத்தில் தூ அவர்கள் 'நெற்றி தரையில் பட நூறு முறை' வணங்கியபோது, பாலம் 'மேற்படி' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் ஷென்னின் மகள் யீலானுக்கு ஷீகோவில் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஒன்பதாம் மாதம் எட்டாம் தேதி. சிவப்புப் பல்லக்கு புறப்பட்ட அன்றே போய்ச் சேர வேண்டும். தவறினால் சகுனம் சரியில்லை, வேறு பெண் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பிவிட்டார்கள். ஓடக்காரர் ஆற்றின் வேகத்துக்குப் பயந்து ஓடத்தைக் கரையேற்றிவிட்டார். சுற்றுவழியோ மூன்று நாள்.

"பொண்ணு பல்லக்கு எது மேலங்க போவும்?" என்றாள் மனைவி. "நீங்க போடுற நூறு கும்பிடு மேலயா?"

ஷென் அதிகாரியிடம் போய் நின்றார்.

"ஐயா, இந்தத் தடவ பாலத்துக்கு ஒரு வரி ஒதுக்கினா நல்லாருக்கும்."

"எட்டு வரியும் வணக்கத்துக்கே பத்தலயேப்பா."

"பாலம்னு ஒரு வார்த்தையாவது..."

"பாலம் ஒடஞ்சது அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சவருகிட்ட திரும்பச் சொன்னா, 'உமக்கு ஞாபக மறதி'ன்னு குத்திக் காட்டுற மாதிரி ஆவாதா? அந்த 'மேற்படி'யையும் எடுத்துடு. அங்க இன்னொரு கும்பிடு போடு."

ஷென் எட்டு வரிக் கும்பிடுகளை எழுதி முடித்தார். பிறகு அந்தத் தாளைச் சட்டைக்கைக்குள் திணித்துக்கொண்டு வேறொரு தாளை எடுத்தார். 'பாலத்தைக் கட்டு. ஒன்பதாம் மாதம் ஐந்தாம் தேதிக்குள்' என்று எழுதினார். தொடக்க வணக்கம் இல்லை, முடிவுரை இல்லை, ஓரத்தில் சின்னதாகப் போடவேண்டிய பெயரும் இல்லை. முப்பது வருஷ உத்தியோகத்தில் விஷயம் மட்டும் உள்ள கடிதத்தை அவர் எழுதியது அதுவே முதல் தடவை.

தலைநகரத்துத் தபாலெல்லாம் யூன்பெய் வழியாகத்தான் ஷீகோ போகும். அந்தப் பையிலேயே இதையும் போட்டார். வேலை போகும், முதுகில் பிரம்பு விழும், ஆனால் கோபத்திலாவது தூ அவர்களுக்குப் பாலம் நினைவு வரும் என்று நினைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் காலையில் ஆற்றுப்பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. ஒன்பதாம் மாதம் மூன்றாம் தேதி பாலம் தயார். இரண்டு பாதியும். எட்டாம் தேதி யீலானின் பல்லக்கு அதன்மேல் ஆடி ஆடிப் போயிற்று. பின்னால் நடந்த ஷென் சந்தோஷத்தில் அழுதே விட்டார்.

கல்யாண விருந்தில் ஷீகோ கச்சேரி எழுத்தர் பான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஷென் அண்ணே, ஒரு கடிதாசி வந்துது. மேலயும் வணக்கம் இல்ல, கீழயும் இல்ல."

"அப்படியா?" ஷென் மீனில் முள் எடுப்பதில் கவனமாக இருந்தார்.

"மாகாண ஆளுநரே எங்க ஐயாவுக்கு 'நலம் பெருகுக'ன்னு ரெண்டு வார்த்த போடுவாரு. அதுகூடப் போடாதவரு எவ்ளோ பெரிய எடமா இருக்கணும்? ஐயா தாளத் தலைமேல வச்சிக்கிட்டு மண்டி போட்டுட்டாரு. எந்திரிக்கிறதுக்குள்ள தச்சனுக்கு ஆள் போயாச்சு."

"பாதிதானே உங்களுது?"

"யாரோட பாதின்னு பாக்குற நேரமாண்ணே அது?"

பாலம் எழுந்தது தம் முடிவுரைகளின் மகிமையால் என்று ஹான் நம்பினார். இரு அதிகாரிகளும் பாலத்தின் நடுவில் சந்தித்து, 'தாங்கள் முன்னால் நடக்க வேண்டும்' என்று உச்சிவேளை வரை நின்றார்கள். இரு கரையிலும் மாட்டுவண்டிகள் காத்துக் கிடந்தன. வணக்கம் இல்லாத கடிதத்தைப் பற்றி தூ வாய் திறக்கவில்லை. அவ்வளவு உயர்ந்த இடத்தைப் பற்றிப் பேசுவதும் மரியாதைக் குறைவு. இந்த நட்பின் நினைவாகப் பாலத்தின் முகப்பில் கல்வெட்டு நடுவதென்று முடிவாயிற்று. வாசகத்தை ஷென்தான் எழுதினார். எட்டு வரி. கும்பிடுகள் நிறைந்துவிட்டதால் பாலம் என்ற சொல்லுக்கு இடம் கிடைக்கவில்லை.

மறு வசந்தத்தில் வெள்ளம் வந்தது. பாலம் அசையவில்லை. கல்வெட்டு மட்டும், தன்மேல் எழுதியிருந்தபடியே, நெற்றி தரையில் பட விழுந்தது. பாலத்தில் ஏறும் இடம் ஒரே வழுக்கலாக இருந்ததால், ஊர்க்காரர்கள் அதை இழுத்துப் போய், வெட்டிய எழுத்து காலுக்குப் பிடிப்பாக மேலே இருக்கும்படி, படியாகப் போட்டார்கள். மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஷென் அதில் காலை அழுத்தி வைத்துத்தான் ஏறுகிறார். அந்த இரண்டு அதிகாரிகளின் மரியாதையால் ஜனங்கள் அடைந்த பயன் அது ஒன்றுதான்.