கட்டிலுக்கு அடியில் கோழியோடு

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் என் மகளுடைய ஆங்கிலப் பரீட்சையை இரண்டே வார்த்தையில் முடித்து வைத்தேன். அந்தப் பாவத்தில் ஒரு கோழிக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊர் ஓமந்தூர் பக்கம். நான் எட்டாவதோடு நிறுத்தியவன். மல்லாட்டை போடுகிறேன், வேர்க்கடலைதான். மகள் அமுதா விழுப்புரத்தில் காலேஜ் முடித்தாள். மேல்படிப்புக்கு ஃபின்லாந்தில் இடம் தருகிறோம் என்று ஒரு யுனிவர்சிட்டி சொல்லிவிட்டது. பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். அதனால் இவளுக்கு ஆங்கிலம் வருமா என்று ஒரு பரீட்சை. அந்த மார்க் பன்னிரண்டு நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் இடம் இல்லை.

பரீட்சையை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் எழுதலாமாம். எங்கேயோ உட்கார்ந்து ஓர் அம்மா முதலில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார், அப்புறம் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. இருந்தால் பரீட்சை ரத்து.

எங்கள் வீட்டில் கதவு உள்ள அறை ஒன்றுதான். மல்லாட்டை மூட்டை, ஒரு இரும்புக் கட்டில். கட்டிலுக்கு அடியில் கூடையில் அடைக்கோழி.

"ப்பா, கோழியத் தூக்கிடு" என்றாள் அமுதா.

"அடையில இருக்கிறதத் தூக்கினா முட்ட கெட்டுடும். இத்தினி நாளா சத்தம் போட்டுச்சா?"

"போட்டா?"

"போடாது. நான் கியாரண்டி."

(கோழிக்குக் கியாரண்டி கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.)

கூடையைச் சாக்கால் மூடினாள். மூன்று மணிவாக்கில் பேசுகிற பகுதி வருமென்றும், அப்போது மைக்கில் சின்னச் சத்தம்கூட விழக் கூடாதென்றும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். நான் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். பால்காரரை விரட்டினேன். நாயை விரட்டினேன். வீட்டுக்காரி மிக்ஸி போடப் போனாள், பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

மணி மூணு. உள்ளே இருந்து ஒரு சத்தம்.

கீச்.

விரல் விட்டு எண்ணினேன். இருபத்தோராவது நாள். குஞ்சு பொரிக்கிற நாள்.

இன்னொரு கீச்.

என் புத்தி அப்போது வேலை செய்தது. அதுதான் வினை. கேமரா அவள் முகத்தைத்தானே பார்க்கிறது, தரையையா பார்க்கிறது என்று நினைத்தேன். கொல்லையில் எலி பிடித்துப் பழகிய உடம்பு. கதவை ஒரு சாண் திறந்து, சுவர் ஓரமாக வயிற்றால் ஊர்ந்து, கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். அமுதாவுக்குக்கூடத் தெரியவில்லை. காதில் மாட்டிக்கொண்டு படபடவென்று ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பெருமையாக இருந்தது.

கூடையில் கை வைத்தேன். கோழி கொத்தியது. நான் வாய் திறக்கவில்லை. கோழி திறந்தது. அந்தக் கத்தல் ஃபின்லாந்துக்கே நேராகக் கேட்டிருக்கும்.

அமுதா பேச்சை நிறுத்தினாள். காதில் மாட்டியதைக் கழற்றினாள். கம்ப்யூட்டரில் அந்த அம்மாவின் குரல் ஏதோ கேட்டது. அதில் 'லெக்' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

நான் ஆறடி. கட்டில் ஆறடி இல்லை.

"நோ மேம், நோபடி, ஒன்லி ஹென்" என்றாள் அமுதா, பாவம், நம்பிக்கையாக. நிரூபிக்கத்தான் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் காட்டினாள்.

நான் கோழியோடு மல்லாந்து கிடந்தேன். திரையில் ஒரு பெரிய மனுஷி. மரியாதை இல்லாமல் இருக்கலாமா? ஒரு கையால் கும்பிட்டேன்.

"குட் மார்னிங்."

மத்தியானம் மூணு மணிக்கு.

திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்தது. ரத்து.

அமுதா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெளியே வரப் பார்த்தேன். சட்டை கட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

"இன்னாடி, உங்கப்பாவக் காணோம்?"

அமுதா கை நீட்டினாள். குனிந்து பார்த்தவள் முதலில் செய்த காரியம் போனில் போட்டோ எடுத்தது.

"இழுத்து விடுடி."

"இருங்க, இன்னொண்ணு எடுத்துக்கிறேன். முட்ட நீங்க போட்டதா, கோழி போட்டதா?"

அப்போது ஒரு குஞ்சு கூடையிலிருந்து வந்து என் மார்மேல் ஏறி நின்றது. ஈரமாக, உலகத்தையே புதுசாகப் பார்த்துக்கொண்டு. அழுதுகொண்டிருந்த அமுதா சிரித்தாள். முதலில் மூக்கால், அப்புறம் வாயால். பத்து நிமிஷம் நிற்கவில்லை. நான் அடியிலேயே கிடந்தேன்.

மறுபடி எழுத வியாழக்கிழமை ஓர் இடம் கிடைத்தது. அதுவும் போனால் எல்லாம் போச்சு. இந்த முறை ஒரே கண்டிஷன் போட்டாள்.

"நீயும் கோழியும் ஊர்லயே இருக்கக் கூடாது."

இருக்கவில்லை. வியாழக்கிழமை கோழி, பதினோரு குஞ்சு எல்லாவற்றையும் கூடையில் வைத்துத் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் கூடையைப் பார்த்தார். "இன்னா பெரியவரே, குடும்பத்தோட எங்க?"

"விழுப்புரம்."

"அங்க இன்னா?"

"ஒண்ணும் இல்ல. பொண்ணு பரீட்ச எழுதுது."

"விழுப்புரத்துலயா?"

"வூட்ல."

அவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வேகமாக நகர்ந்தார். என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் குஞ்சுகளுக்கு நொய் போட்டபடி மூன்று மணி நேரம் இருந்தேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லவே பயமாக இருந்தது. கடைசியில் போன் அடித்தது.

"முடிச்சிட்டா. வாங்க ரெண்டு பேரும்" என்றாள் வீட்டுக்காரி.

கோழியையும் சேர்த்துச் சொன்னாள்.

மார்க் வந்தது. கேட்டதைவிட அதிகம். இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. அமுதாவும் ஃபின்லாந்து போய்ச் சேர்ந்தாள்.

இப்போதும் நான் கொல்லையிலிருந்து வர லேட்டானால், வீட்டுக்காரி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போன் போடுவாள். சொந்தக்காரர் எவர் வீட்டுக்குப் போனாலும் கட்டிலைக் காட்டி, "உள்ள வாங்க" என்கிறார்கள். பழகிவிட்டது.

போன மாதம் அமுதா வீடியோ கால் போட்டாள். அங்கே பனி. புது அறை. போனைச் சுற்றிக் காட்டினாள், அந்த அம்மா காட்டச் சொன்ன மாதிரியே. மேஜை, ஜன்னல், அடுப்பு. கடைசியில் கட்டிலுக்கு அடியில்.

அங்கே சுவரில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. மல்லாந்து கிடக்கிற ஒரு ஆள். தலையில் வைக்கோல். கையில் கோழி.

"ரூம்ல வேற யாரும் இல்லன்னு இனிமே என்னால சொல்ல முடியாதுப்பா" என்றாள்.

சாயங்காலம் ஆகியிருந்தது.

"குட் மார்னிங்" என்றேன்.