மாமாவுக்கு, வீட்டுக் காற்று குறித்து

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். காற்றும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன முறை வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். "மாப்பிள்ளை, இது வீடா, பெயிண்ட் கடையா? மொதல்ல காத்து சரியாகட்டும், அப்புறம் பொண்ணையும் பேத்தியையும் அனுப்புறேன்" என்றீர்கள். கோபம் வந்தது. மென்று விழுங்கினேன். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அச்சகத்தில் தின்னரால் மை உருளை துடைப்பவனுக்கு மூக்கு வெறும் அலங்காரம்.

மகள் பிறந்த அன்று ஒருமுறை தூக்கினேன். அதன்பிறகு போனில்தான். கொட்டாவி விடுகிறாள். அப்பாவைப் பார்த்துத்தான் விடுவதாக நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அச்சகத்துக்குத் தின்னர் ஆவி அளக்க ஓர் அதிகாரி அம்மா வருவார். நாங்கள் வைத்த பெயர் 'மூக்கு'. அவருக்கும் தெரியும். காலரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிடுவார். காற்றில் ரசாயன ஆவி அளவு மீறினால் அது கத்தும். வீட்டையும் அளக்க வேண்டும் என்று கெஞ்சினேன். "தொலைச்சீங்க, உங்களைத் தொலைச்சிடுவேன்" என்று அன்பாகத் தந்தார்.

கூடத்தில் நுழைந்தேன், கத்தியது, புதுத் தொட்டிலின் வார்னிஷ்தான் என்று அதை மொட்டைமாடிக்கு ஏற்றினோம், படுக்கையறையில் கத்தியது, அலமாரி அந்துருண்டைகளைப் பொறுக்கி எறிந்தோம், குளியலறையில் கத்தியது, பினாயில் போனது, வாசனைத் தெளிப்பான் போனது, அம்மாவின் தலைவலித் தைலமும் போனது, அதன்பிறகு அம்மாவுக்குத் தலைவலி வந்தது, பிளாஸ்டிக் பூக்களைச் சந்தேகப்பட்டேன், பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டு அவர் வீட்டுக்குள்ளும் போனேன், அங்கேயும் கத்தியது, அவர் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார், பின்னாலேயே சமாதானம் சொல்ல ஓடினேன், தெருவிலும் கத்தியது.

அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டேய், பெட்டி என் கையில இருந்தா கம்முனு இருக்கு. உன்கிட்ட வந்தாத்தான் கத்துது. கொஞ்சம் திரும்பு."

திரும்பினேன்.

பின் பாக்கெட்டில் தின்னர் துணி. அச்சகத்துக்காரனுக்கு அது மூன்றாவது கை. அழுக்காக எதைப் பார்த்தாலும் தானாக வெளியே வரும். வீட்டுக்குக் கிளம்புமுன் அந்தப் பெட்டியைக்கூட அந்தத் துணியால்தான் துடைத்திருந்தேன், சுத்தமாக அளக்கட்டும் என்று.

"இத்தனை நாளா இதோடதான் வீட்டுக்குள்ள வந்தியா? இதோடவா புள்ளையத் தூக்கப்போற?" என்றார் அம்மா.

வீடு முழுக்கத் தேடினேன். தேடியதை நானே சுமந்துகொண்டு. நீங்கள் சிரிப்பது கேட்கிறது, மாமா. சிரிக்கலாம்.

துணி இப்போது அச்சகத்தில், மூடிய டப்பாவில். அங்கேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டு வருகிறேன். ஜன்னல்கள் திறந்தே இருக்கின்றன. பெட்டி நேற்றிலிருந்து வாய் திறக்கவில்லை. இவ்வளவு நிசப்தமான வீட்டை நான் பார்த்ததில்லை. அழுவதற்கு ஆள் தேவை.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமையே இருவரையும் அனுப்பிவையுங்கள். தடை சொல்ல உங்களிடம் இனி ஒன்றுமில்லை. அத்தைக்கு என் வணக்கம். உங்கள் மகளுக்கு என் அன்பு. என் மகளுக்கு ஒரு முத்தம், முகம் கழுவிய பிறகு.

இப்படிக்கு,
தங்கள் வாசனையற்ற மருமகன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பெட்டி கத்தியது. பாக்கெட்டைத் தடவிப் பார்த்தேன். காலி. படுக்கையறைக்கு ஓடினேன். பேத்தி வரும் சந்தோஷத்தில் அம்மா சுவருக்கு இளஞ்சிவப்பு அடித்துக்கொண்டிருக்கிறார். "சீக்கிரம் காயுற பெயிண்ட்டுடா, கடைக்காரரே சொன்னாரு" என்கிறார். மூன்று சுவர் முடிந்துவிட்டது. ஞாயிறு வேண்டாம். யாரையும் அனுப்ப வேண்டாம். நானும் அம்மாவும் இப்போதே கிளம்பி அங்கே வருகிறோம். எத்தனை நாள் தங்குவோம் என்று பெயிண்ட் டப்பாவில் போடவில்லை.