ரோஜா தின்றதாகக் கூறப்படும் மாடு

ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்தையே நடுங்க வைத்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருந்தார்.

இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கராக இருந்தபோது நடந்தது இது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் பிள்ளைக் காம்பரா. முப்பது குழந்தைகளை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவர் அந்த அக்கா. நாற்பது வயது, கம்பளித் தொப்பி, தோட்டத்தின் அடுத்த மலை வரைக்கும் கேட்கும் குரல். அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் அலசக்கா. புதிதாக வந்தவர்கள் துணி அலசுகிறவர் என்று நினைத்து அழுக்குப் போர்வையோடு அவரைத் தேடிப்போய், வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்புவார்கள்.

பெயர் வந்த கதை வேறு. ஆபீசில் வாசித்து முடித்த இங்கிலீஷ் பேப்பர்களை அலமாரித் தட்டுகளில் விரிப்பதற்காக அவர் வாங்கிப்போவார். எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் தெரியும். ஒருநாள் ஒரு பேப்பரைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"கிளாக்கரய்யா, இந்த அலெஜ்ட்னா என்னா? பெரிய பெரிய ஆளுங்க பேருக்குப் பக்கத்துல எல்லாம் போட்டிருக்கான். ஏதும் பட்டமா?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். "பட்டம் இல்லக்கா. ஒருத்தர் ஒரு தப்பு செஞ்சதா சொல்றாங்க. ஆனா இன்னும் நிரூபிக்கல. அப்படி இருந்தா அலெஜ்ட்னு போடணும். போடாம எழுதுனா எழுதுனவன் மாட்டிக்குவான்."

அக்கா பேப்பரை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அப்ப, இம்புட்டு நாளா நம்மள ஏசுனவங்கள்ல ஒருத்தனுக்கும் இந்தச் சொல்லு தெரியாதா?" என்று கேட்டார்.

அடுத்த நாளிலிருந்து தோட்டத்துக்கு நிம்மதி போயிற்று. சந்திக் கடையில் மீன் வைத்த மாலு பனிஸ் என்று கொடுத்ததைப் பிய்த்துப் பார்த்து, "இது அலெஜ்ட் மாலு பனிஸ், தம்பி. மீன் உள்ள இருக்குன்னு நீ சொல்ற, அவ்வளவுதான்" என்றார். நுவரெலியா பஸ்ஸில் "உள்ள எடம் இருக்கு, ஏறுங்க" என்று கத்திய கண்டக்டருக்கு, "அலெஜ்ட் எடம்!" என்று பதில் போனது. பஸ் மொத்தமும் சிரித்தது. கண்டக்டர் எழுந்து தன் ஆசனத்தையே கொடுத்துவிட்டார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பெண் கேட்டு வந்த ஒருவர், பையன் கொழும்பில் மேனேஜர் என்று சொல்ல, ஓரத்தில் நின்ற அக்கா தொண்டையைச் செருமி அந்தச் சொல்லைச் சொன்னார். விசாரித்ததில் பையன் மேனேஜருக்குக் கார் ஓட்டுகிறவன் என்று தெரிந்தது. கல்யாணம் நடந்தது, அது வேறு விஷயம். டிரைவர் என்று தெரிந்தே நடந்தது. இப்படித்தான் 'அலெஜ்ட் அக்கா' சனங்களின் வாயில் தேய்ந்து அலசக்கா ஆனார்.

நான் திருத்தப் பார்த்தேன். "அக்கா, அந்தச் சொல்ல நல்ல விஷயத்துக்குப் போடக்கூடாது. குத்தத்துக்குத்தான் போடணும்."

"இல்லாத நல்லத இருக்குன்னு சொல்றது குத்தம் இல்லீங்களா?"

ஆபீஸ் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன்.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செல்லம்மாவுக்குக் கடிதம் வந்தது. செல்லம்மா கொழுந்து பறிப்பவள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள், ஒரு மாடு. தோட்டத்து நிர்வாகியான துரையின் பங்களாப் பூந்தோட்டத்தில் இருந்த ரோஜாச் செடிகளை ஒரு காலையில் காணவில்லை, வெறும் குச்சிதான் நின்றது. லயத்துக்கு மேலேதான் பங்களா. செல்லம்மாவின் மாடு ஒன்றுதான் அந்தப் பக்கம் இருந்தது. விசாரணைக்கு வரவேண்டும், குற்றம் உறுதியானால் மாட்டைத் தோட்டத்தை விட்டு அகற்ற வேண்டும், அவளையும் வேலையிலிருந்து நிறுத்தக்கூடும் என்று கடிதம். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் சேர்ந்து போகும்.

துரை ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கடிதத்தைத் தமிழில் பெயர்த்தவன் நான். மழை கொட்டிக்கொண்டிருந்தது, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் என் தமிழை வாசித்துவிட்டு, "நாசமாக்குன குத்தம்னே போட்டுட்டாங்க. பேசாம மன்னிப்பு எழுதிக் குடுத்துருவோம், மாட்டையும் வித்துரு" என்றார். செல்லம்மா கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டுக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போயிருக்கிறாள். அக்கா பேனாவைக் கொடுக்கவில்லை. கடிதத்தை வாங்கி, பின்னால் குத்தியிருந்த ஆங்கிலத் தாளில் விரலை வைத்து வரி வரியாகத் தேடியிருக்கிறார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இருக்குடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த முப்பது குழந்தைகளும் ஒரே நேரத்தில் அழுததாகச் சொல்வார்கள்.

வியாழக்கிழமை விசாரணை. துரை சிங்களவர், இளம் வயது, தமிழ் அரைகுறை. அதனால் அக்கா பேசுவதை நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். செல்லம்மாவுக்குத் துணையாக வந்த அக்கா கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. துரைக்குப் பலகாரம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அக்கா ஆரம்பித்தார். "கிளாக்கரய்யா, நான் சொல்றத ஒண்ணும் விடாம தொரைக்குச் சொல்லுங்க. தொர எழுதுன காயிதத்துல ஒரு சொல்லு இருக்கு. தமிழ்ல அத கிளாக்கர் முழுங்கிட்டாரு."

என் குற்றத்தை என் வாயாலேயே ஆங்கிலத்தில் துரைக்கு மொழிபெயர்த்தேன்.

எந்தச் சொல் என்று துரை கேட்டார். அதற்கு நான் தேவைப்படவில்லை.

"அலெஜ்ட்!" என்றார் அக்கா.

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அக்கா, சாட்சி சொல்ல வந்திருந்த பங்களாக் காவல்காரரான வாச்சர் பக்கம் திரும்பினார். "மாடு திங்கிறத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. காலையில செடி இல்ல. மாடு பக்கத்துல இருக்கு. வேற யாரு திம்பா?"

"அப்ப இதுவரைக்கும் அது அலெஜ்ட் மாடுதான்" என்ற அக்கா, துரையின் மேசையில் டின்னை வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே கறுப்புக் கறுப்பாக உருண்டைகள். ரோஜாப் பாத்தியில் பொறுக்கியவை. "நான் மாட்டோட வளந்தவ. எந்த மாடாவது இப்படி உருட்டி உருட்டிப் போடுமான்னு தொரையக் கேளுங்க."

இதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது என்று நான் திணறிக்கொண்டிருக்க, துரை குனிந்து பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கத்தினார்: "கோனா!"

வாச்சர் துள்ளிக் குதித்தார். "அதத்தானே நானும் சொன்னேன் தொர, மாடு!" செல்லம்மா விசும்ப ஆரம்பித்துவிட்டாள். சிங்களத்தில் 'கொனா' என்றால் எருது.

"கொனா நெவெய், கோனா! கோ... னா!" என்று துரை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கிளைக் கொம்பு காட்டினார். நெவெய் என்றால் இல்லை, கோனா என்றால் மரை, கிளைக் கொம்புள்ள பெரிய காட்டு மான். பின்னால் இருக்கும் காட்டிலிருந்து இறங்கி வந்து மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரு துரை ஆபீசில் நின்று மரையாக நடித்ததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

கடிதம் அங்கேயே ரத்தானது. அக்கா எழுந்திருக்கவில்லை.

"ரத்துன்னு தமிழ்லயும் எழுதித் தரணும். நாளைக்குப் பெரட்டுல எல்லாரும் கேக்க வாசிக்கணும். கிளாக்கரய்யாவே வாசிக்கட்டும்."

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று வாசித்தேன். "ரோஜாச் செடிகளைத் தின்றதாகக் கூறப்பட்ட மாடு குற்றமற்றது" என்று நான் முடித்தபோது பெண்கள் எழுப்பிய ஆரவாரத்தில் துரைகூட பங்களா வாசலுக்கு வந்துவிட்டார். அன்று பின்னேரம் செல்லம்மா மாட்டைக் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, பங்களா கேட்டுக்கு முன்னாலேயே நடத்திக்கொண்டு போனாள். முன்னால் அலசக்கா, பின்னால் லயத்துச் சனம் மொத்தமும். மாடு மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் அசைபோட்டது.

ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க நான் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். "விடுங்க. மழை, பஸ்ஸுக்கு வேற அவசரம். எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்தார்.

அதன்பிறகு அந்தத் தோட்டத்தில் நான் இருந்த ஆறு வருஷமும், தமிழில் எழுதிய எந்தக் கடிதத்தையும் அவரிடம் காட்டாமல் அனுப்பியதில்லை. அக்கா வாசலில் நின்று, வெளிச்சத்தில் தாளைப் பிடித்து, உதடு அசைய மெதுவாக வாசிப்பார். அவர் வாசித்து முடிக்கும்வரை உள்ளே உட்கார்ந்து, யார் பெற்றதோ ஒரு பிள்ளையின் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பேன்.