புன்னகைப் பாதுகாப்புக் குழு

ஒரு பெண் சிரிக்கிறாளா இல்லையா என்பதை அவளைக் கேட்காமலே தீர்மானிக்கும் வல்லமை ஆலோசனைக் குழுவுக்கு மட்டுமே உண்டு. அந்த அருங்காட்சியகத்துக்கு அப்படியொரு குழு வாய்த்திருந்தது. நகரம் கொடுத்து வைத்தது.

மாடி அறையில் ஓர் எண்ணெய் ஓவியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்தது. ஒரு பெண், கறுப்பு உடை, மடியில் மூடிய விசிறி, உதட்டில் புன்னகை. அந்தப் புன்னகைதான் அருங்காட்சியகத்துக்குச் சோறு போட்டது. கோப்பை, குடை, தலையணை உறை என்று அது ஏறாத இடமில்லை.

வார்னிஷ் மஞ்சளித்துவிட்டது என்று படத்தைப் பழுதுபார்ப்பவளிடம் கொடுத்தார்கள். அவள் பஞ்சை மருந்தில் தொட்டு, ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். உதட்டுக்கு வந்ததும் புன்னகை பஞ்சோடு வந்துவிட்டது. யாரோ பிற்பாடு வார்னிஷுக்கு மேலே தீட்டியது. அடியில் இருந்த வாய் இறுக மூடியிருந்தது. சொல்ல வந்ததைக் கடித்து நிறுத்திய வாய். இப்போதுதான் அவளுக்கு அந்த முகம் பிடித்தது. அப்படியே விட்டுவிட ஆசைப்பட்டாள். ஆசைப்படுவது அவளுடைய 'பணி வரம்பில்' இல்லை.

குழு அவசரமாகக் கூடியது. தலைவர், படத்தில் இருப்பவளின் கொள்ளுப்பேரன். தங்கள் குடும்பத்துப் பெண்கள் எப்போதும் 'மனநிறைவோடு' வாழ்ந்தவர்கள் என்று ஆரம்பித்தார். ஆதாரம் கேட்டதற்குக் குடையை விரித்துக் காட்டினார். விளம்பர அதிகாரி, இந்த வாய் 'பார்வையாளர் மகிழ்ச்சிக் கொள்கைக்கு' முரணானது என்றார். இயக்குநர் இருவருக்கும் தலையாட்டினார். அதனால்தான் அவர் இயக்குநர்.

"அசல் இதுதாங்க," என்றாள் பழுதுபார்ப்பவள்.

"இருக்கட்டும்மா," என்றார் தலைவர். "நாங்க சின்ன வயசுலேருந்து பாத்தது எது?"

"மேல பூசினது."

"அப்ப அதுதானே அசல்?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவள் மறுத்தால், கழிப்பறைக் கதவுகளில் ஆண், பெண் வரைந்த போர்டுக்காரர் தயாராக இருப்பதாகவும் தெரிவித்தார்கள். அந்தக் கதவுகளை அவள் பார்த்திருக்கிறாள். தானே செய்வதாகச் சொல்லிவிட்டாள். துடைத்தால் போய்விடுகிற சாயத்தில்தான் தீட்டினாள். அது அவள் தொழிலின் விதி. குழு அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

திறப்பு விழாவுக்குத் தலைவரின் மனைவியும் வந்திருந்தாள். எல்லாரும் கைதட்டிவிட்டு நகர்ந்த பிறகும் படத்தின் முன்னாலேயே நின்றாள். பிறகு பழுதுபார்ப்பவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"துடைச்சப்போ வாய் எப்படி இருந்துச்சு?"

பழுதுபார்ப்பவள் தன் உதட்டை இறுக்கிக் காட்டினாள்.

"ம். அப்படித்தான் இருந்திருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள் புகைப்படக்காரர் கூப்பிட்டார். தலைவர் வந்து மனைவியின் முழங்கையைப் பிடித்தார்.

"என்ன இது, உம்முன்னு? எல்லாரும் பாக்குறாங்க."

அவள் சிரித்தாள். படம் எடுத்தார்கள். இரண்டு புன்னகைக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று குழு வியந்தது.

நல்ல குடும்பம். இத்தனை தலைமுறையிலும் சிரிக்காத ஒரு பெண்ணை அது வெளியே காட்டியதே இல்லை.