நேட்டிவ்வை விட்டுவிடலாம்

காபி டம்ளரோடு மாடிப்படி ஏறிய கந்தப்பன், மகனின் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

“ஆமாங்க சார், இனி நேட்டிவ்வை விட்டுட வேண்டியதுதான். வேற வழியே இல்லை,” என்று உள்ளே இனியன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்குத் திருச்செங்கோட்டு வீட்டில் இருந்தபடியே செல்போன் ஆப் எழுதித் தருகிறவன் இனியன். அந்த வேலை கந்தப்பனுக்குப் புரியாது. ஆனால் ‘நேட்டிவ்’ புரியும். வடக்கே போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டிய காலத்தில் பார்த்தவர்களெல்லாம் அவரிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். நேட்டிவ் என்றால் சொந்த ஊர்.

பையன் ஊரை விட்டுப் போகப்போகிறான்!

காபியோடு கீழே இறங்கி மனைவியிடம் வந்தார். “ஏம்புள்ள பாவாயி, இனியன் ஊரை உட்டுப் போறானாமா.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாவாயி நிமிர்ந்தாள். “எப்பங்க?”

“தெரியல. நீ அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத. நான் பாத்துக்கறேன்.”

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இது: மாடி அறையின் வெக்கை தாங்காமல்தான் பையன் கிளம்புகிறான் என்று முடிவு கட்டி, மறுநாளே ஏசி மாட்டினார். அதைப் போட்டதும் வீட்டுக்கே கரண்ட் போய், இனியனின் மீட்டிங் பாதியில் நின்றது. உடனே இன்வெர்ட்டர் வாங்கினார். அதற்காகச் சுவரில் துளை போட்டதில் நெட் ஒயர் அறுந்தது. இனியன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டு நண்பன் அறைக்கு ஓடினான். போகாதே என்று செய்ததெல்லாம் சேர்ந்து பையனைத் துரத்தியே விட்டது.

நெட் சரியாகி அவன் திரும்பி வந்த அன்று, கந்தப்பன் மறுபடியும் வாசலில் நின்றார்.

“பழசு ரெண்டையும் தனித்தனியா வச்சுப் பாக்க முடியாதுங்க சார். ஒண்ணைச் சரி பண்ணுனா இன்னொண்ணு மக்கர் பண்ணுது. பொங்கலோட ரெண்டையும் நிறுத்திடலாம்.”

கந்தப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மூட்டுவலி, பாவாயிக்குச் சர்க்கரை. மக்கர் பண்ணுவது உண்மைதான். அதற்காக நிறுத்தியே விடுவதா?

எழுந்து உள்ளே போனார்.

“சாமி, நாங்க ரெண்டு பேரும் பாரமா இருந்தா நேராவே சொல்லிப்போடு. உங்கம்மாளை நான் பாத்துக்கறேன். எனக்குச் சோறாக்கத் தெரியும்.”

“என்னங்ப்பா பேசறீங்க?” என்று பதறினான் இனியன். அவர் கேட்டதையெல்லாம் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஆண்ட்ராய்டு போனுக்கு ஒண்ணு, ஐபோனுக்கு ஒண்ணுன்னு ஒரே ஆப்பை ரெண்டா எழுதிட்டிருந்தமுங்ப்பா. அதுக்குப் பேருதான் நேட்டிவ். இப்ப பிளட்டர்னு ஒண்ணுக்கு மாறறோம். ஒருக்கா எழுதுனா ரெண்டு போன்லயும் ஓடும். நிறுத்தறது அந்தப் பழைய ஆப் ரெண்டையுமுங்க, உங்களையில்ல!”

“அப்ப நீ ஊரை உட்டுப் போகலையா?”

“எங்கீங்ப்பா போறேன்? போன வருசம் பெங்களூர்ல நல்ல வேலைக்குக் கூப்பிட்டாங்க. நீங்களும் அம்மாவும் இந்த ஊரை உட்டு வரமாட்டீங்கன்னுதானே வேண்டாம்னுட்டேன்.”

கந்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகனின் தலையைக் கோதினார். “எனக்காகவா சாமி?” என்றார். அவன் கையைப் பிடித்தபடியே கீழே இறங்கினார்.

கூடத்தில் பாத்திர பண்டமெல்லாம் சாக்கில் ஏறியிருந்தது. பாவாயி பெரிய டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவுத்துப் போடு புள்ள!” என்றார் கந்தப்பன் சந்தோஷமாக. “பையன் எங்கயும் போகல. பெங்களூர்ல கூப்பிட்டதுக்குக்கூட நமக்காக வேண்டாம்னுட்டானாமா!”

பாவாயி கயிற்றை விட்டுவிட்டு, பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்க ரெண்டு பேருக்கும் இந்த ஊர்தான் புடிக்குமாட்டம் இருக்குதுன்னுதானுங்க, இத்தன வருசமா நான் வாயே தொறக்காம இங்க கெடக்கறேன்!”